சரக்குக்கு ரசீது உண்டு, மனிதனுக்கு இல்லையா?

"வெள்ளைக்காரன் கட்டினது, அதனால்தான் இன்னும் நிற்கிறது!"

இந்த வாக்கியத்தை நம் மக்களின் வாயிலிருந்து கேட்காத நாளே இல்லை. 2018 ஜூலையில் அந்தேரி நிலையத்தருகே கோகலே பாலத்தின் நடைபாதை இடிந்து தண்டவாளத்தில் விழுந்தபோது சொன்னார்கள். 2019 மார்ச்சில் சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்கு வெளியே நடைமேம்பாலம் சரிந்து உயிர்கள் போனபோதும் சொன்னார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், லோக்கல் வண்டியில் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இதைச் சொல்பவர்களில் பாதிப்பேர் சென்ட்ரிங் அடிக்கிறவர்கள், கம்பி கட்டுகிறவர்கள், கல் சுமக்கிறவர்கள். கட்டிடத்தைக் கட்டுகிறவனே, "கட்டியவன் வேறு எவனோ" என்று பேசுகிறான்!

இந்தப் பேச்சு பொய் என்று நான் சொல்கிறேன். பொய் மட்டுமல்ல, நம் தலையில் நாமே போட்டுக்கொள்ளும் கல் என்றும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டார்களே, அது எந்தக் காலத்துப் பாலம்? 19ஆம் நூற்றாண்டுப் பாலம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துப் பாலம். பழையதெல்லாம் தானாகவே நிற்கும் என்றால் அது ஏன் அறுந்தது? பழுதுபார்க்கிறேன் என்று மூடி, திறந்த சில நாட்களிலேயே ஏன் அறுந்தது? ஒரு பாலம் நிற்பதும் விழுவதும் அதைக் கட்டியவனின் தோல் நிறத்தால் அல்ல. அதைப் பராமரிக்கச் சொல்லிக் கேட்கும் மக்கள் இருக்கிறார்களா, கேட்டால் அஞ்சும் நிர்வாகம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

நம்பிக்கை வரவில்லையா? வெள்ளைக்காரனின் சொந்த நாட்டுக்கே போவோம். அவன் தன் ஊரில் கட்டிய ஒரு கல்பாலத்தையே எடுத்துக்கொள்வோம்.

கால்வாயைச் சுமக்கும் பாலம்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக்குத் தென்கிழக்கே மார்ப்பிள் என்று ஓர் ஊர். அங்கே கோய்ட் என்ற ஆற்றுக்கு மேலே, ஏறக்குறைய 100 அடி உயரத்தில், மூன்று பெரிய வளைவுகளோடு ஒரு கல்பாலம் நிற்கிறது. மேலே போவது சாலை அல்ல, ரயிலும் அல்ல. ஒரு கால்வாயே போகிறது! நம் குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாத்தூர் தொட்டியில் போவது பாசன நீர். மார்ப்பிள் பாலத்தின் மேலே போனவை சரக்குப் படகுகள்.

அதன் பெயர் பீக் பாரஸ்ட் கால்வாய். 1794இல் சட்டம் போட்டு வெட்டத் தொடங்கினார்கள். பாலம் 1800இல் திறக்கப்பட்டது. மலையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லை டிராம் பாதையில் வண்டி வண்டியாக இறக்கி, பக்ஸ்வொர்த் என்ற படகுத்துறையில் ஏற்றி, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ரயில் வருமுன் அதுதான் அவர்களுக்குக் குட்ஸ் லைன். படகைக் குதிரை இழுத்தது.

பாலத்தைக் கட்டியது யார் என்று புத்தகத்தைத் திறந்தால் ஒரு பெயர் வருகிறது: பெஞ்சமின் அவுட்ரம், என்ஜினியர். கால்வாய்க்குப் பின்னால் இருந்த முதலாளி யார் என்று பார்த்தால் இன்னொரு பெயர்: சாமுவேல் ஓல்ட்னோ, பஞ்சாலை அதிபர்.

இந்த இரண்டு பெயர்களும் நமக்குத் தொடர்பில்லாதவை என்று நினைக்காதீர்கள். அவுட்ரமின் மகன்தான் ஜேம்ஸ் அவுட்ரம். பம்பாய்ப் பட்டாளத்தில் வேலை தொடங்கி, 1856இல் அவத் ராஜ்யத்தைக் கம்பெனி விழுங்கியபோது லக்னோவில் ரெசிடெண்டாக இருந்தவன். கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் அவுட்ரம் காட் என்று அவன் பெயரில் படித்துறையே இருக்கிறது. ஓல்ட்னோ யார்? இங்கிலாந்தில் மஸ்லின் துணி உற்பத்தியில் முன்னணியில் நின்றவன். மஸ்லின் யாருடைய துணி? வங்காளத்து நெசவாளியின் துணி! அதைப் பார்த்து இயந்திர நூலில் நெய்துதான் அவன் பணக்காரன் ஆனான். பிறகு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுத் துணி அங்கே இறங்காதபடி நூற்றுக்கு எழுபது, எண்பது என்று தீர்வை போட்டார்கள். நம் தறி நின்றது, அவர்கள் மில் ஓடியது.

சரி, இவர்கள் வெள்ளைக்காரர்கள், நம்மைச் சுரண்டியவர்கள். பாலம் கட்டிய தொழிலாளியும் வெள்ளைக்காரன்தானே? அவன் கதி என்ன?

அந்தப் பாலத்தைக் கட்டும்போது ஏழு பேர் செத்தார்கள். ஏழு. அந்தப் பாலத்தின் கதையைச் சொல்லும் இடமெல்லாம் இந்த எண்தான் வருகிறது. என்ஜினியருக்குப் பெயர் இருக்கிறது, முதலாளிக்குப் பெயர் இருக்கிறது. ஏழு பேர் வெறும் ஏழு!

மண் வெட்டவும் கல் தூக்கவும் வந்தவர்களை அங்கே 'நேவி' என்று அழைத்தார்கள். கால்வாய்க்கு அப்போது 'நேவிகேஷன்' என்று பெயர். அதை வெட்டுகிறவன் நேவி. ஊர் ஊராகப் போய், குடிசை போட்டு, வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பெயர்ந்த கூட்டம் அது. பின்னால் அந்நாட்டு ரயில் பாதைகளையும் அவர்கள்தான் போட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் பிழைக்க வந்தவர்கள். ஓல்ட்னோவின் மில்லில் உழைத்தவர்களிலும் பலர் லண்டனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகள். அவர்களும் ஊர் விட்டு ஊர் வந்தவர்களே.

ஆகவே தோழர்களே, வெள்ளைக்காரன் கட்டினான் என்று சொல்லும்போது எந்த வெள்ளைக்காரனைச் சொல்கிறீர்கள்? கட்டச் சொன்னவனையா, கட்டிச் செத்தவனையா?

கணக்குப் பிள்ளைக்குத் தெரிந்த உண்மை

நான் ரயில்வேயில் குமாஸ்தா. சரக்குக் கணக்கோடு இருபது ஆண்டு பழகியவன். எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒரு மூட்டை வெங்காயத்தை நீங்கள் ரயிலில் புக் செய்தால் அதற்கு ரசீது உண்டு. அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், எடை, புறப்பட்ட இடம், சேரும் இடம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். மூட்டை தொலைந்தால் கிளெய்ம் போடலாம். கிளெய்மை மறுத்தால் வழக்காடுவதற்கென்றே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரயில்வே உரிமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. வெங்காய மூட்டைக்கு இவ்வளவு மரியாதை!

அந்தக் கால இங்கிலாந்துக் கால்வாய்களிலும் இதே கணக்குதான். டன்னுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று சுங்கம். படகு எத்தனை அங்குலம் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்று கோல் வைத்து அளந்து, அதிலிருந்து சரக்கின் எடையைக் கண்டுபிடித்து வசூலித்தார்கள். ஒரு டன் கல் ஏமாற்றிப் போக முடியாது. ஓல்ட்னோவின் பழைய மில் கட்டடத்தில் 1921இல் கட்டுக்கட்டாகக் கணக்குத் தாள்கள் கிடைத்தன. அவற்றை வைத்து வரலாற்று நூலே எழுதினார்கள். எதை எண்ண வேண்டும் என்று நினைத்தார்களோ அதை அணு அணுவாக எண்ணினார்கள்.

எழுதத் தெரியாமல் அல்ல, எழுத மறந்தும் அல்ல. எழுதினால் கொடுக்க வேண்டிவரும்! சரக்கை எழுதினால் வரவு, ஆளை எழுதினால் செலவு. இதுதான் முதலாளியின் கணக்கு சாஸ்திரம். 1800இலும் இதுதான், இன்றைக்கும் இதுதான்.

தானாக நின்றதா அந்தப் பாலம்?

இனி "இன்னும் நிற்கிறது" என்ற பெருமைக்கு வருவோம்.

1846இல் அந்தக் கால்வாயை ஒரு ரயில்வே கம்பெனி தன் கைக்குள் கொண்டுவந்தது. 1860களில் அதே ஆற்றைத் தாண்டி, பாலத்துக்குப் பக்கத்திலேயே அதைவிட உயரமாக ரயில் பாலமும் எழுந்தது. சரக்கு மெல்ல மெல்ல ரயிலுக்குப் போனது. 1920களில் சுண்ணாம்புக்கல் டிராம் பாதையும் மூடப்பட்டது. கால்வாய் சேறும் புதருமாகத் தூர்ந்தது. 1961-62 பனிக்காலத்தில், ஊறிய நீர் உறைந்து உறைந்து, பாலத்தின் வெளிப்பக்கச் சுவர் பெயர்ந்து ஆற்றில் விழுந்தது!

ஆம், வெள்ளைக்காரன் கட்டிய அதே பாலம், வெள்ளைக்காரனின் சொந்த ஊரிலேயே, பராமரிப்பு இல்லாமல் இடிந்தது. இடித்தே போட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அப்போது அந்த ஊர் மக்களும் உள்ளாட்சிகளும் விடவில்லை. பணத்தைப் பகிர்ந்துகொண்டு பாலத்தைச் சீர்படுத்த வைத்தார்கள். 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள், சாதாரண மக்கள், விடுமுறை நாளில் முழங்கால் சேற்றில் இறங்கி, அதனோடு சேரும் ஆஷ்டன் கால்வாயில் குப்பை வாரினார்கள். 1974 மே மாதத்தில் கால்வாய் மறுபடி திறந்தது. இன்று அந்தப் பாலம் அந்நாட்டின் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

ஆக, பாலம் நிற்பது கட்டச் சொன்னவன் புண்ணியத்தால் அல்ல. கட்டியவன் கைத்திறத்தாலும், காப்பாற்று என்று மக்கள் போட்ட சத்தத்தாலும்தான் நிற்கிறது. இந்தப் பாடத்தை விட்டுவிட்டு, "வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்" என்ற சக்கையை மட்டும் நாம் மென்றுகொண்டிருக்கிறோம்.

நம் கண்முன்னே உள்ள மலை

மார்ப்பிள் வெகுதூரம் என்பீர்கள். நீங்கள் ஊருக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். கர்ஜத் தாண்டி லோனாவ்லாவுக்கு வண்டி ஏறுகிறதே, பின்னால் தள்ளும் என்ஜின் போட்டு, குகை குகையாக, பிள்ளைகள் கத்திக்கொண்டே வருவார்களே, அந்தப் போர் காட் பாதை 1856 முதல் 1863 வரை போடப்பட்டது. மலையைக் குடைந்தவர்கள் இந்த நாட்டுக் கூலிகள். ஒரே சமயத்தில் நாற்பதாயிரம் பேர் வரை அங்கே உழைத்திருக்கிறார்கள். 1859இன் தொடக்கத்தில் கூலிப் பாக்கிக்காகக் கலவரமே மூண்டது. காலராவிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

அந்த ஆண்டில் கான்டிராக்டை ஏற்க வந்த சாலமன் டிரெட்வெல் என்பவர் இந்தியா வந்த சில வாரங்களில் நோயில் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் பொறுப்பேற்று வேலையை முடிக்கச் செய்தார். ரயில்வே வரலாற்றில் இருவர் பெயரும் உண்டு. இருக்கட்டும். அந்த மலையில் மாண்ட ஆயிரக்கணக்கானோரில் ஒரே ஒரு பெயரை யாராவது எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்!

அது பழங்கதை என்று தள்ளுகிறீர்களா? 2020 மே 8 அன்று அவுரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்து போன களைப்பில் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட 16 தொழிலாளிகள் மீது சரக்கு ரயில் ஏறியது. பிழைக்க வந்த இடத்தில் வேலை இழந்து, வண்டி இல்லாமல் நடந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊரடங்கில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர் இறந்தார்கள் என்று கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தது. மார்ப்பிளில் ஏழு என்ற எண்ணாவது மிஞ்சியது. நமக்கு அந்த எண்ணும் இல்லை!

நம் சங்கத்துக்கு வந்த ஒரு வழக்கையும் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். சாரம் சரிந்து நம் பிள்ளை ஒருவன் இறந்தான். கான்டிராக்டரிடம் போய் மஸ்டர் ரோலைக் காட்டு என்றோம். நாலு நாள் அலையவைத்து ஒரு நோட்டைக் காட்டினான். அதில் அந்தத் தேதிக்கு நேரே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "மதராசி - 6." அவ்வளவுதான். ஆறு மதராசியில் செத்தது எந்த மதராசி? அவன் என்னிடம் வேலை செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கான்டிராக்டர் கேட்டான். கூட வேலை செய்த ஐந்து பேரில் மூன்று பேரை அதற்குள் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டான். மீதி இருவர் நாக்காவில் நாளைக்கும் நிற்க வேண்டியவர்கள். சாட்சிக்கு வரத் தயங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பெயர் எழுதினால் போன உயிர் வருமா?"

இப்படிச் சிலர் கேட்கிறார்கள். வராது. ஆனால் பெயர் இல்லாவிட்டால் என்னென்ன வராது என்று கேளுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிய வேண்டுமானால் முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். பெயர் இல்லாத நோட்டு எத்தனை நாளைக்குச் சான்றாகும்? வேலையில் இறந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று இந்த நாட்டில் 1923இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலைக்காரன் என்பதை நிரூபித்தால்தானே இழப்பீடு? நஷ்ட ஈடு வராது, பென்ஷன் வராது, பிள்ளைகளின் படிப்பு உதவி வராது. பெயர் என்பது அலங்காரம் அல்ல, தாய்மார்களே. பெயர்தான் காசு. பெயர்தான் அடுத்த மாத அரிசி.

1979இல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. கான்டிராக்டர் ஒவ்வொரு ஆளுக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தர வேண்டும், அது அவன் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இடம்பெயர்வுப் படி கொடு என்றது. நம் சால்களிலும் சோப்டாக்களிலும் தமிழில் அச்சடித்த அந்தப் பாஸ் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் யார்? இப்போது அந்தச் சட்டமும் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்தது பத்துப் பேர் என்று ஆனது. இடம்பெயர்வுப் படியைக் காணோம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பழைய சட்டத்தில் இருந்த ஒரு கடமை புதியதிலும் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளி இறந்தாலோ பலத்த காயம் அடைந்தாலோ, இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தகவல் தர வேண்டியது கான்டிராக்டரின் பொறுப்பு. தகவல் தர வேண்டுமென்றால் பெயர் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே "மதராசி - 6" என்று எழுதுகிறவன் சோம்பேறி அல்ல, சட்டத்தை மீறுகிறவன்.

நாம் கேட்பது

ஒன்று: அரசுப் பணியோ தனியார் பணியோ, பாலமோ மெட்ரோவோ கோபுரக் கட்டடமோ, வேலை நடக்கும் இடத்து வாசலிலேயே அன்றைய ஆட்களின் பெயர்ப்பட்டியல் தொங்க வேண்டும். கான்டிராக்டர் பெயர் ஆளுயரப் பலகையில் தொங்கும்போது ஆளின் பெயர் ஒரு தாளில் தொங்கக் கூடாதா?

இரண்டு: வேலையில் இறந்தவர்களின் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு பணிக்கும், பெயரோடும் சொந்த ஊரோடும், யாரும் பார்க்கக்கூடியதாக. அந்தப் பணிக்குக் கல்வெட்டு வைத்தால் அமைச்சர் பெயருக்குக் கீழே அந்தப் பெயர்களும் ஏற வேண்டும்.

மூன்று: தமிழ்நாட்டு அரசு, வெளிமாநிலத்தில் விபத்தில் இறக்கும் தமிழ்த் தொழிலாளர் பற்றி வரும் தகவலைக் கோப்பில் முடக்காமல், குடும்பத்துக்கு வழக்காட உதவ வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அரசு எழுதும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த சைட், எந்த மேஸ்திரி, கூட யார், கூலி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தினமும் ராத்திரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதவையுங்கள். போனில் சைட் பலகையைப் படம் எடுத்துத் தேதியோடு வீட்டுக்கு அனுப்புங்கள். இ-ஷ்ரம் அட்டை எடுக்காதவர்கள் எடுங்கள்; அது 2021இலிருந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு நோட்டோடு வாருங்கள், நாங்கள் சரிபார்த்துத் தருகிறோம். ஒரு வழக்கில் அந்த நோட்டு பேசும். கூட இருந்தவன் பேச அஞ்சினாலும் நோட்டு அஞ்சாது.

கல்பாலங்களைப் பார்த்து வியக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வியந்து பாருங்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அந்தக் கற்களைச் செதுக்கியவன் நம் ஜாதி, உழைக்கும் ஜாதி. ஆனால் அடுத்த முறை யாராவது "வெள்ளைக்காரன் கட்டினது" என்று தொடங்கினால், அவரைப் பேச விடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கட்டினவன் பெயர் என்ன?"

அவருக்குத் தெரியாது. இன்று நீங்கள் கட்டுகிற பாலத்துக்கு நாளை அதே கேள்வி எழும்போது பதில் நோட்டில் இருக்க வேண்டும்.